கர்னலின் காகிதங்கள்

தேனியிலிருந்து கம்பத்துக்குப் போக இரண்டு வழி உண்டு. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஆற்றை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலை ஒன்று. போடி, தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று மேற்கு மலையின் அடிவாரத்தைத் தொட்டுச் செல்லும் சாலை மற்றொன்று. முதல் வழியில் போகிறவர் கண்ணுக்கு நெல்வயலும் வாழையும் தென்னந்தோப்பும் மாறி மாறி வரும். இரண்டாவது வழியில் மண்ணின் நிறம் மாறும். கிணறு இருக்கும் இடத்தில் தென்னையும், இல்லாத இடத்தில் கடலையும் சோளமுமாக, மேட்டு நிலம் மழையை எதிர்பார்த்துக் கிடக்கும். தலைக்கு மேலே ராமக்கல்மேட்டு முகடு தெரியும். அந்த முகட்டுக்கு அப்பால் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும்போது, இப்பக்கம் காற்று மட்டும் இறங்கி வரும். இரண்டு சாலைகளையும் ஒரே பயணத்தில் பார்த்தவருக்குத்தான் இந்தப் பள்ளத்தாக்கு ஏன் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறது என்பது முழுதாக விளங்கும். நீர் வந்த பக்கத்தை மட்டும் பார்த்தால் நன்றி தெரியும். நீர் எளிதில் எட்டாத பக்கத்தையும் பார்த்தால், அந்த நன்றி எவ்வளவு பெரிய பயத்திலிருந்து பிறந்தது என்பதும் தெரியும்.

பண்ணைப்புரம் இந்த இரண்டாவது சாலையில் இருக்கிறது. உத்தமபாளையம் வட்டத்துப் பேரூராட்சி. இளையராஜா பிறந்த ஊர் என்பதால் தமிழ் பேசும் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். 1958இல் மலைக்கு அப்பால் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் நடுவில் அவர் பாடிய பாட்டுகளை இன்றும் நினைவுகூர்கிறார்கள். இந்த அடிவாரத்து ஊர்களின் வாழ்க்கை பல தலைமுறைகளாக மலையோடு பிணைந்தது. ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூலி வேலைக்கு ஏறிப் போவதும், மழை பெய்தால் இறங்கி வந்து சொந்த நிலத்தில் விதைப்பதுமாக அது நடந்தது. மலைக்கு மேலே அணை கட்டித் திருப்பிய பெரியாற்று நீர் 1895இல் பள்ளத்தாக்குக்குள் வந்தபோது, அது ஆற்றோரத்து வயல்களைத்தான் தொட்டது. இந்த மேட்டுப் பகுதிக்கு நீர் கொண்டுவர வெகு காலம் கழித்து 18ஆம் கால்வாய் வெட்ட வேண்டியிருந்தது. லோயர் கேம்ப் பக்கத்திலிருந்து மலையடிவாரத்தை ஒட்டி வந்து, உத்தமபாளையம், போடி வட்டங்களில் ஏறத்தாழ 4,600 ஏக்கருக்கு உதவும் கால்வாய் அது. அணையில் நீர் இருந்து, திறக்க உத்தரவும் வந்தால் கண்மாய்கள் நிறையும். கண்மாய் நிறைந்தால் கிணறுகள் ஊறும். நீரின் வருகை ஓர் உத்தரவில், ஒரு தாளில் தொடங்குகிறது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையின் பேச்சும் தாள்களைப் பற்றியதுதான்.

அந்தப் பெரியாற்று அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்குக்குக் கிடைத்திருக்கும் மரியாதை இந்தியாவில் எந்த ஆங்கிலேய அதிகாரிக்கும் எளிதில் வாய்க்காதது. தேனியின் புதிய பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் தமிழக அரசு கட்டிய மணிமண்டபம் 2013 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டது. அது அவர் பிறந்த நாள். பெரும்பாலான ஆண்டுகளில் பொங்கலோடும் ஒட்டி வருவது. பாலார்பட்டி போன்ற ஊர்களில் அன்று அவருக்கென்றே பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயர் சூட்டிய குடும்பங்கள் உண்டு. அவர் தம் கடைசிக் காலத்தைக் கழித்த இங்கிலாந்தின் கேம்பர்லியில் 2022இல் தமிழக அரசின் முயற்சியால் அவருக்குச் சிலையும் எழுந்தது. இந்த மரியாதையின் நடுவில் ஒரு கதை இருக்கிறது. பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, அரசு இனிப் பணம் தர முடியாது என்று கைவிரித்தது, கர்னல் ஊருக்குப் போய்ச் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார் என்பது அந்தக் கதை. மேடையிலும் பாடப்புத்தகத்துக்கு வெளியே எல்லா இடங்களிலும் இது வரலாறாகவே சொல்லப்படுகிறது. கர்னலுக்கு நன்றி சொல்ல இந்தக் கதை தேவையே இல்லை என்பதும், ஆவணங்களில் இருக்கும் பென்னிகுவிக் கதையில் வருபவரைவிட நமக்கு அதிகம் கற்றுத் தருகிறவர் என்பதும் என் கட்சி. அதற்கும் மேலாக, கதையோடு நின்றுவிட்டால் அணையைக் கட்டிய மற்றவர்களுக்கு நாம் அநீதி செய்கிறோம்.

அதிகாரி ஒருவரின் பணியாணைக் காகிதங்கள் என்னென்ன சொல்லும் என்பதை முதலில் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் சேர விரும்பிய இளைஞன் கம்பெனி இயக்குநர் ஒருவரின் பரிந்துரையைப் பெற வேண்டும். வயதுக்குச் சான்றாக ஞானஸ்நானப் பதிவின் நகல், படித்த பள்ளியின் சான்று, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் உறுதிமொழி ஆகியவற்றை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். இப்படிச் சேர்ந்த விண்ணப்பக் கட்டுகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணப் பிரிவில் வரிசை வரிசையாக இருக்கின்றன. பயிற்சி முடித்தவனுக்கு ஆட்சியின் பெயரால் ஆணை வரும். இன்னார்மேல் நம்பிக்கை வைத்து இந்தப் பதவியைத் தருகிறோம், மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து கீழுள்ளவர்களை ஒழுங்காக நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். பிரிட்டிஷ் அரசின் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் இந்த ஆணையை 1871 வரை பணம் கொடுத்து வாங்கலாம், விலைப்பட்டியலே இருந்தது. பொறியாளர் பிரிவுக்கும் பீரங்கிப் பிரிவுக்கும் அந்த வழி கிடையாது. கம்பெனிக்கென்று குராய்டன் அருகே இயங்கிய அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் தேர்வில் முதலிடங்களைப் பிடிக்கிறவர்களுக்கே பொறியாளர் பிரிவு கிடைக்கும். அடுத்த நிலையினர் பீரங்கிக்கும், மீதிப்பேர் காலாட்படைக்கும் போவார்கள். ஆகவே சென்னைப் பொறியாளர் படையின் பணியாணை என்பது கணக்கிலும் வரைபடத்திலும் நிலஅளவையிலும் முன்வரிசையில் நின்றவன் என்பதற்கான சான்று. பணப்பையின் கனம் அங்கே செல்லவில்லை.

பென்னிகுவிக்கின் பணியாணை 1858 டிசம்பரைச் சேர்ந்தது. அந்த நாள் தற்செயலாக வரலாற்றின் மடிப்பில் விழுந்தது. முந்தைய ஆண்டுதான் வடக்கே பெருங்கிளர்ச்சி. அதன் விளைவாகக் கம்பெனி ஆட்சி முடிந்து, 1858 நவம்பர் முதல் நாள் விக்டோரியா அரசியின் பிரகடனம் படிக்கப்பட்டது. கம்பெனியின் மாணவனாக அடிஸ்கோம்பில் நுழைந்த இளைஞன் வெளியே வரும்போது அரசியின் அதிகாரியாக இருந்தான். அந்தப் பள்ளியே 1861இல் மூடப்பட்டது. 1862இல் சென்னைப் பொறியாளர் படை அரசப் பொறியாளர் படையோடு இணைந்தது. குடும்பத்தின் காகிதங்களும் கனமானவை. ஜான் 1841 ஜனவரி 15இல் புணேயில் பிறந்தவர். தந்தையான பிரிகேடியர் ஜான் பென்னிகுவிக், பஞ்சாபில் சீக்கியருக்கு எதிரான சிலியன்வாலா போரில் 1849 ஜனவரி 13 அன்று கொல்லப்பட்டார். அதே களத்தில், தந்தையின் உடலைக் காத்து நின்ற 17 வயது அண்ணன் அலெக்சாண்டரும் மாண்டார். இரண்டு நாள் கழித்துத்தான் இளைய ஜானுக்கு எட்டு வயது நிறைந்தது. அண்ணன் இறந்த அதே 17 வயதில் தம்பி பணியாணை பெற்றார். 1860இல் இந்தியா வந்தார். 1868இல் அபிசீனியப் படையெடுப்பில் பணியாற்றினார். மற்றபடி இந்தியாவில் அவருடைய உழைப்பு முழுவதும் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் கழிந்தது. தந்தையையும் அண்ணனையும் போரில் இழந்த ஒருவர் மண்ணையும் நீரையும் அளக்கப் போனார் என்பதைக் காட்ட யாரும் கதை கட்ட வேண்டியதில்லை. தேதிகளை வரிசையாக வைத்தாலே போதும்.

இந்தக் காகிதங்கள் சொல்லும் அடுத்த செய்தி இன்னும் முக்கியமானது: பென்னிகுவிக் தனி ஆள் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் பெரும் பாசன வேலைகளில் பல இந்தப் படையின் அதிகாரிகள் கையால் நடந்தவை. 1836இல் கொள்ளிடத்தில் மேலணையையும் பின்னர் தவளேசுவரத்தில் கோதாவரி அணையையும் கட்டிய ஆர்தர் காட்டன் அதே அடிஸ்கோம்பில் படித்து, 1819இல் அதே சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தவர். பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனையோ அவர்களுக்கும் முந்தியது. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789 வாக்கிலேயே ஆட்களை அனுப்பி மலையைப் பார்க்கச் செய்தார். செலவு தாங்காது என்று விட்டுவிட நேர்ந்தது. 1808இல் கேப்டன் கால்டுவெல் ஆராய்ந்து, நடவாத கனவு என்று எழுதினார். 1850இல் சின்ன முல்லையாற்றில் சிறு அளவில் தொடங்கிய வேலை காய்ச்சலுக்கு ஆட்கள் அஞ்சியதால் நின்றது. 1860களில் ரைவ்ஸ் என்ற அதிகாரி 162 அடி உயர மண் அணைக்குத் திட்டம் தந்தார். 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம் எல்லாவற்றையும் நிறுத்தியது. நிறுத்திய அதே பஞ்சம்தான் இந்தத் திட்டம் இல்லாமல் தீராது என்பதையும் அரசுக்கு உணர்த்தியது. 1882இல் திட்டத்தைத் திருத்தித் தரும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தபோது, அவர் மேசைக்கு வந்தது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் கோப்பு. யார் எங்கே அளந்தார், எதனால் கைவிட்டார், எந்த மாதத்தில் காய்ச்சல் வரும், எந்த மாதத்தில் வெள்ளம் வரும் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் ஏறியிருந்தன. கால்டுவெல் முடியாது என்று எழுதி வைத்ததும் பின்னால் வந்தவருக்கு உதவியது. எந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்பதை அது காட்டியது.

பண்ணைப்புரத்திலிருந்து கோம்பை, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று தெற்கே போனால், பள்ளத்தாக்கு ஒடுங்கி மலைகள் நெருங்கும் இடத்தில் லோயர் கேம்ப் வரும். மலைச்சரிவில் இறங்கும் நான்கு பெரிய குழாய்கள் சாலையிலிருந்தே தெரியும். மேலே தேக்கடிப் பக்கத்திலிருந்து மலையைக் குடைந்து வரும் நீர் அவற்றில் இறங்கி மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு ஆறாகிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆற்றை, ஒரு மைலுக்கும் சற்று நீளமான சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியதுதான் இந்தத் திட்டத்தின் உள்ளடக்கம். மேலே இருக்கும் அணை சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்த காரையில் எழுந்தது. சுண்ணாம்புக்கல் இந்த அடிவாரத்துக் குருவனூத்திலிருந்து கம்பிவடத்தில் மேலேற்றப்பட்டு, பின் நீர்வழியாகப் படகில் அணைக்குப் போனது. இயந்திரங்கள் ரயிலில் அம்மையநாயக்கனூர் வரை வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்தன. 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது; அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு நீரைத் திறந்துவைத்தார். இடையில் ஆற்றை மறித்துக் கட்டிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் பலமுறை பெயர்த்துக்கொண்டு போனது. இவற்றையெல்லாம் அந்த அணையிலேயே பொறியாளராக இருந்த மெக்கன்சி விரிவாக எழுதி, 1899இல் சென்னை அரசு அச்சகம் நூலாக வெளியிட்டது. கட்டுமானம் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு நூலிலிருந்து வந்தது.

இப்போது சொத்து விற்ற கதைக்கு வருவோம். மொத்தத் திட்டத்துக்கு ஆன செலவு 80 லட்சம் ரூபாய்க்கும் மேல். அன்றைய மதிப்பில் அது ஒரு ராணுவ அதிகாரியின் குடும்பம் எந்தச் சொத்தை விற்றாலும் திரட்ட முடியாத தொகை. ஒரு பகுதியைத்தான் கொடுத்தார் என்று வைத்துக்கொண்டாலும் கேள்வி தீராது. அரசு வேலைக்குள் தனியார் பணம் நுழைந்தால் அது கடனாகவோ நன்கொடையாகவோ கணக்கில் ஏற வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீடு, ஒப்புதல், தணிக்கை என்று மூன்று இடங்களில் தடம் விட வேண்டும். வெள்ளம் அடித்ததையும், காய்ச்சலில் ஆட்கள் ஓடியதையும், மதிப்பீடு தவறியதையும் ஒளிக்காமல் எழுதிய மெக்கன்சி, தன் மேலதிகாரி அணையைத் தன் பணத்தால் காப்பாற்றியிருந்தால் அதை மட்டும் மறைத்திருக்கக் காரணம் இல்லை. அவருடைய நூல் காட்டுவதெல்லாம் சென்னை அரசின் பணத்தில் நடந்த வேலை. வெளியூரில் கிடைத்த அங்கீகாரமும் அதே திசையில்தான் இருக்கிறது. 1895இல் அவருக்கு அரசுப் பட்டம் கிடைத்தது. பெரியாற்றைத் திருப்பிய விதத்தை விளக்கி லண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்தில் அளித்த கட்டுரைக்கு டெல்போர்டு பதக்கம் கிடைத்தது. இந்தியாவுக்குப் பொறியாளர்களை உருவாக்கிய கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்கு 1896 முதல் 1899 வரை தலைவராக இருந்தார். இவையெல்லாம் அவருடைய பொறியியல் அறிவுக்குக் கிடைத்தவை.

இதற்கு முதல் மறுப்பு உணர்ச்சியிலிருந்து வரும், அதை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கின் மக்கள் ஒருவரை வணங்குகிறார்கள், வணக்கத்துக்குக் கணக்குப்புத்தகம் எதற்கு, கதை உண்மையோ இல்லையோ அதில் இருக்கும் நன்றி உண்மைதானே என்பது அந்த மறுப்பு. நன்றி உண்மை; அதில் எனக்கு ஐயமில்லை. பஞ்சத்தின் நினைவு அணையாத மண்ணில், ஆண்டுதோறும் நீர் வரும் என்ற உறுதியைத் தந்தவரைத் தியாகியாக நினைப்பது இயல்பு. நம் மரபில் பெருங்கொடை என்றாலே தன்னுடையதை இழந்து கொடுப்பதுதான். அந்த அளவுகோலில்தான் மக்கள் கர்னலை நிறுத்திப் பார்த்தார்கள். ஆனால் இந்தக் கதை இரண்டு இடங்களில் பழுது செய்கிறது. நகை விற்றதால்தான் அணை நின்றது என்றால், பத்தாண்டுக் கணக்கில் அளந்து, வரைந்து, தோற்று, திருத்தி எழுதிய அறிவுக்கு என்ன மதிப்பு? இந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி அவரைப் போல ஆக விரும்பினால், விற்பதற்கு நகை இல்லாததால் அவள் பின்வாங்க வேண்டியதில்லை. கணிதமும் பொறுமையும் வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதோடு, அரசு கைவிட்டது, ஒரு நல்லவர் காப்பாற்றினார் என்று பழகிய மனம் அரசின் கடமையைக் கேட்க மறந்துவிடும். 18ஆம் கால்வாயில் நீர் வரவில்லை என்றால் நாம் எதிர்பார்க்க வேண்டியது வள்ளலை இல்லை. ஒதுக்கீட்டையும் உத்தரவையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஆவணம் என்று கொண்டாடப்படுவது ஆண்டவர்களின் எழுத்து. அவர்களுக்கு வசதியானதை எழுதினார்கள், வசதியில்லாததை விட்டார்கள். மக்கள் வாய்மொழியை அதைக்கொண்டு மறுப்பது எப்படி நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி வலுவானது, இதற்குப் பாதி உடன்பட வேண்டும். ஒரே அணையில் வேலை செய்த இருவகை மனிதர்களை அந்தக் காகிதங்கள் எப்படி வைத்திருக்கின்றன என்று பார்த்தால் இது புரியும். அதிகாரிக்கு ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது, பள்ளிச் சான்று இருக்கிறது, பணியாணை இருக்கிறது, பதவி உயர்வு அரசிதழில் இருக்கிறது, பதக்கம் இருக்கிறது. 1911 மார்ச் 9 அன்று இறந்தபின் பிரிம்லி தேவாலயத்தில் கல்லறையும் இருக்கிறது. மலைக்குமேல் வேலை செய்தவர்களில் சென்னைப் பயனியர் படையின் 1ஆம், 4ஆம் பட்டாளத்துச் சிப்பாய்கள் இருந்தார்கள். கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசிய மரபுத் தச்சர்கள் இருந்தார்கள். மதுரைச் சீமையிலிருந்தும் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தும் ஏறிய கூலிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கட்டுமானக் காலத்தில் நோயால் மட்டும் இறந்தவர்கள் 483 பேர். அணைக்கு வடக்கே இருக்கும் இடுகாட்டில் அவர்களைப் புதைத்தார்கள். ஒருவருக்கு வாழ்க்கை முழுவதும் காகிதம். 483 பேருக்கும் சேர்த்து ஓர் எண். ஆண்டவர்களின் எழுத்து யாரைக் கணக்கில் வைத்தது, எப்படி வைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆனால் மறுப்பின் மறுபாதியை ஏற்க முடியாது. அந்த 483 என்ற எண்ணே அதே அரசுப் பதிவிலிருந்துதான் நமக்குக் கிடைத்தது. வாய்மொழிக் கதையில் கர்னல் இருக்கிறார், மனைவி இருக்கிறார், நகை இருக்கிறது; காய்ச்சலில் செத்த கூலி இல்லை. நம் சொந்தத் தாத்தாக்களை நம் கதை மறந்துவிட்டது, ஆண்டவர்களின் காகிதம் ஓர் எண்ணாகவேனும் காப்பாற்றியது என்ற கசப்பான உண்மையை நாம் எதிர்கொள்ள வேண்டும். ஆகவே ஆவணத்தைக் கீழே போடுவது தீர்வாகாது. அதை அழுத்திப் படிப்பதுதான் வழி. கூலிப்பட்டி, சம்பளக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, பட்டாளத்துச் சிப்பாய் பட்டியல் என்று ஓர் அரசு வேலை பல இடங்களில் தடம் விடுகிறது. பொதுப்பணித் துறையின் பழைய நடவடிக்கைத் தொகுதிகள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லண்டனில் ராணுவக் கோப்புகள் இருக்கின்றன. கர்னலின் பணியாணையைத் தேடிப் போகிற அதே வழியில்தான் சிப்பாயின் பெயரையும் கூலியின் ஊரையும் தேட வேண்டும். தொழிலாளியின் துயரத்தை மேடையேற்றிப் பாடிய பாவலரின் ஊர் இந்தத் தேடலைக் கேட்பதற்கு எல்லா உரிமையும் உள்ள ஊர்.

மூன்றாவது மறுப்பு அரசியல் சார்ந்தது. பென்னிகுவிக் ஏகாதிபத்தியத்தின் ஊழியர். அணை கட்டியது நிலவரி பெருகத்தான். இப்படிப்பட்டவருக்கு மணிமண்டபம் எதற்கு என்று கேட்கிறவர்கள் சொல்வதில் பொய் இல்லை. அவருடைய பணியாணையே அதற்குச் சாட்சி. அபிசீனியாவுக்கும் அவர் அதே ஆணையின் பேரில்தான் போனார். திட்டத்தின் முதல் இலக்கும் கம்பம் பள்ளத்தாக்கு இல்லை. மதுரைச் சமவெளியில் புதிதாக வரி கொடுக்கும் நஞ்சைகளை உண்டாக்குவதே அரசின் கணக்கு. இருந்தாலும் ஓர் ஆட்சியின் நோக்கத்தையும், அதற்குள் வேலை செய்த ஒருவரின் கைத்திறத்தையும், அந்த வேலையின் பயனையும் தனித்தனியே நிறுக்க முடியும், நிறுக்கவும் வேண்டும். 1876இல் தொடங்கிய பஞ்சத்தின்போது அதே ஆட்சி லட்சக்கணக்கானவர்களைச் சாகவிட்டது. அந்தக் கணக்கை அணை அழித்துவிடாது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இன்று இருபோகம் விளைவதும், தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டங்கள் இந்த நீரை நம்பி இருப்பதும் மறுக்க முடியாதவை. ஆவணத்தோடு நன்றி சொல்கிறவரால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும். கதையை மட்டும் வைத்திருப்பவர் ஒன்று வணங்க வேண்டும், அல்லது வெறுக்க வேண்டும். நடுவில் நிற்க அவருக்கு இடம் கிடையாது.

பழைய தாளை அருங்காட்சியகப் பொருளாக நினைக்கிறவர்கள் இதே அணையின் இன்னொரு காகிதத்தைப் பார்க்க வேண்டும். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே கையெழுத்தான குத்தகைப் பத்திரம் அது. திருவிதாங்கூர் சார்பில் திவான் வி. ராமய்யங்கார் ஒப்பமிட்டார். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய், 999 ஆண்டுகள். 1970இல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்து புது ஒப்பந்தம் எழுதப்பட்டபோதும் அடித்தளம் அந்தப் பத்திரம்தான். தமிழ்நாடும் கேரளமும் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடியபோது அதன் ஒவ்வொரு வரியும் அலசப்பட்டது. அந்த வழக்கில் அரசமைப்பு அமர்வு 2014 மே 7 அன்று 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உறுதிசெய்தது. சுரங்கத்தில் நீர் வருவதற்கு மலைச்சரிவு எவ்வளவு தேவையோ, சட்டத்தின் முன் அந்தப் பத்திரமும் அவ்வளவு தேவை. பண்ணைப்புரத்துக் கண்மாய்க்கு வரும் நீர் அந்தத் தாளின் வழியாகவும்தான் வருகிறது. வழக்குமன்றத்தில் உணர்ச்சிக் கதையால் ஓர் அடி நீரையும் கேட்டுப் பெற முடியாது. தேதியும் கையெழுத்தும் உள்ள ஆதாரம்தான் அங்கே பேசும்.

எனவே இந்தப் பள்ளத்தாக்கு அடுத்துச் செய்ய வேண்டியது இன்னொரு சிலை வைப்பதோ இன்னொரு நிலையத்துக்குப் பெயர் சூட்டுவதோ இல்லை. லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்கு நாள்தோறும் வருகிறவர்கள் வெண்கல உருவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே ஓர் ஆவண அறை வேண்டும். லண்டனிலும் எழும்பூரிலும் இருக்கும் பெரியாறு தொடர்பான கோப்புகளின் படிகள், கர்னலின் ராணுவப் பணிப் பதிவுகள், 1886 பத்திரத்தின் முழு வாசகம், மெக்கன்சியின் நூல் ஆகியவை பள்ளத்தாக்கின் எந்தப் பள்ளி மாணவரும் படிக்கும் தமிழில் அங்கே கிடைக்க வேண்டும். பயனியர் படைச் சிப்பாய்கள், கொச்சித் தச்சர்கள், மதுரைக் கூலிகள் ஆகியோரின் பெயர்களில் எத்தனையை மீட்க முடியுமோ அத்தனையும் சுவரில் ஏற வேண்டும். தங்கள் முன்னோர் மலையேறிப் போனதை இன்னும் சொல்லக்கூடிய குடும்பங்களின் வாய்மொழியும் ஊர் ஊராகப் பதிவாக வேண்டும். செலவு பெரிதில்லை, மாவட்ட நிர்வாகமும் ஆவணக் காப்பகமும் சில ஆராய்ச்சி மாணவர்களும் சேர்ந்தால் நடக்கும். கர்னலின் பெருமை இதனால் ஒரு துளியும் குறையாது. நூறாண்டுக் கோப்பைப் படித்து, முன்னவர்களின் தோல்வியிலிருந்து கற்று, செய்ததைச் சக பொறியாளர்கள் முன் விளக்கி வைத்தவர் அவர். காகிதத்தை மதித்த அவருக்கு நாம் செய்யும் மரியாதையும் காகிதத்தை மதிப்பதாகவே இருக்கட்டும்.